புதுப்பிப்பு: சடைமுடி அலசலும் அடுத்தவர் கேள்விகளும்

சீப்பு படாமல் தானாகத் திரிந்த சடையைப் பராமரிப்பது பற்றிய என் முந்தைய இழையில் ‘சீயக்காய் போடலாமா?’ என்றுதான் பலர் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அரப்பு, கடலைமாவும் வேண்டாம். தூள் சடைக்குள் இறங்கினால் லேசில் வெளியே வராது. எண்ணெயோடு சேர்ந்து பிசுக்காகிவிடும். ஷாம்பூவைத் தண்ணீரில் கரைத்து, விரல்நுனியால் தலைத்தோலில் மட்டும் தேயுங்கள். வழிகிற நுரையே சடைக்குப் போதும். பிழிகிற தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள்.

நாற்றத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஈரம். நுனியைத் தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று நம்பாதீர்கள். தடித்த இடத்தை அழுத்துங்கள். சில்லென்றிருந்தால் உள்ளே ஈரம்தான். ஈரத்தோடு கொண்டை போட்டுப் படுத்தால் பூஞ்சை பிடிக்கும், அதனால் காலையிலேயே குளியுங்கள். வேரில் ஒட்டிக்கொள்ளும் சடைகளைத் துவட்டியதுமே மெதுவாகப் பிரித்துவிடுங்கள். விட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

பேருந்தில் ‘பேன் இருக்குமே?’ என்பவரிடம், பேன் எந்த முடியிலும் ஏறும் என்று சொல்லுங்கள். ‘சாமி சடையா?’ என்று கும்பிட வருகிறவரிடம் ‘இல்லைங்க, சீவாம விட்டது’ என்று அப்போதே சொல்லிவிடுவதுதான் மரியாதை. கேட்காமல் கை நீட்டுகிறவரிடம் ‘தொடாதீங்க’ என்பது போதும், விளக்கம் தேவையில்லை.