குடிக்காத ஆக்களுக்கு ஈரல் புற்றுநோய்: கொழுப்பு ஓமோன்களுக்குப் பங்கிருக்கா?

முறிகண்டியான்:
ஒருத்தருக்கு ஈரலில புற்றுநோய் எண்டால் உடன "குடிச்சிருப்பான்" எண்டு முடிவு கட்டுறம். கள்ளு, கசிப்பு தொடாத, சலரோகக் கிளினிக்குக்குப் போற ஆக்களுக்கும் வருது. வயித்துக் கொழுப்பு சும்மா கிடக்கிறதில்லை, ஓமோன் சுரக்கும். 1994 இல கண்டுபிடிச்ச லெப்டின் அதில ஒண்டு. கொழுப்புக் கூடினால் லெப்டினும் கூடும். ஈரலில தழும்பு உண்டாக்கிற கலங்களைத் தூண்டும், புற்றுக் கலத்தையும் வளர்க்கும் எண்டு சொல்லுகினம். இன்சுலின் ஒழுங்கா வேலைசெய்ய உதவிற மற்றக் கொழுப்பு ஓமோன் அடிபோனெக்டினோ குறைஞ்சு போகும்.

இரணைமடுப் பொடியன்:
அண்ணை, லெப்டின் புற்றுக் கலத்தை வளர்க்குது எண்டது பெரும்பாலும் எலியிலயும் ஆய்வுகூடக் கலங்களிலயும் பாத்தது. அடிபோனெக்டின் நல்லது எண்டால், தழும்பேறி ஈரல் சுருங்கின ஆக்களின்ர இரத்தத்தில அது ஏன் கூடிக்கிடக்கு? இங்க கசிப்பால குடும்பங்கள் அழியுது. நீங்கள் ஓமோன் எண்டு சொன்னால் குடிக்கிறவனுக்கு அது நல்ல சாட்டு.

முறிகண்டியான்:
அடிபோனெக்டினைக் கழிக்கிறதில ஈரலுக்குப் பெரிய பங்கிருக்கு. பழுதான ஈரல் கழிக்காமல் தேங்குது எண்டு ஒரு விளக்கம் இருக்கு தம்பி. ஓமோன் கதையை விடும். உடற்பருமன் ஈரல் புற்றுநோய்க்குக் காரணம் எண்டதுக்குப் போதிய சான்று இருக்கெண்டு உலக சுகாதார நிறுவனத்தின்ர புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2016 இலயே சொல்லிட்டுது. அது மனிசரில பாத்த கணக்கு. குடியும் கொழுப்பும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூட. ஒண்டைச் சொன்னால் மற்றதை மறைக்கிறம் எண்டில்லை.

புதுக்குடியிருப்பு அக்கா:
இரண்டுபேரும் லெப்டினில நிக்கிறியள். கிளினிக்கில லெப்டின் அளந்து ஒருத்தரும் மருந்து தாறேல்லை. இடுப்பை அளவுங்கோ: எங்கட ஆக்களில ஆம்பிளைக்கு 90 சென்ரிமீற்றர், பொம்பிளைக்கு 80 தாண்டினால் கவனம். மெலிஞ்ச உடம்பில வயிறு மட்டும் தள்ளியிருந்தாலும் ஈரலில கொழுப்பு இருக்கலாம். ஈரல் சுருங்க முதலே புற்றுநோய் வரவும் கூடும், அதுதான் எனக்குப் பயம். நிறையில நூற்றுக்கு 7 முதல் 10 வரை குறைச்சால் ஈரல் அழற்சி நல்லாத் தணியும்.

இரணைமடுப் பொடியன்:
இடுப்பு அளக்கிறதை ஒத்துக்கொள்ளுறன் அக்கா. ஆனால் பெருத்த உடம்பில இன்சுலினும் கூடித்தான் இருக்கு, அழற்சியும் இருக்கு. இதில லெப்டின்தான் குற்றவாளி எண்டு பிரிச்சுக் காட்டின மனித ஆய்வை அண்ணை போடட்டும், வாசிக்கிறன். அதுவரைக்கும் ஊர்க் கூட்டத்தில நான் கசிப்பைத்தான் முதல் கதைப்பன்.