காலமான சாரணப் பொறுப்பாசிரியருக்குக் குழு சார்பில் நினைவு மலரும் அஞ்சலியும்: எப்படிச் செய்வது?

கேள்வி: வெள்ளவத்தைக் குழுச் செயலாளர்

எங்கள் சாரணர் குழுவை நாற்பது ஆண்டுக்கும் மேலாகச் சம்பளம் எதுவும் வாங்காமல் நடத்திய சேர் காலமாகிவிட்டார். குருளைகள் (சின்னப் பிள்ளைகள்) முதல் திரிசாரணர் (இளைஞர்கள்) வரை எல்லாப் பிரிவும் அவர் கையில்தான் வளர்ந்தது. முப்பத்தோராம் நாளுக்கு வீட்டார் வழக்கமான கல்வெட்டு (நினைவுப் புத்தகம்) அடிக்கிறார்கள். குழு சார்பில் தனியாக ஒரு மலரும் மைதானத்தில் ஓர் அஞ்சலியும் செய்ய விரும்புகிறோம். மலரில் எதைப் போடலாம்? கொடியை எப்படி இறக்குவது? சேரும் காசை என்ன செய்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

பதில் 1: அச்சுப்பிரதி

ஆழ்ந்த அனுதாபங்கள். இரங்கற் பாக்கள் வீட்டார் கல்வெட்டில் வந்துவிடும். உங்கள் மலரில் அவர் செய்த வேலை வரட்டும்: எந்த ஆண்டு எங்கே முகாம், யார் யார் ஜனாதிபதி சாரணர் (சாரணரின் உயர்ந்த விருது) ஆனார்கள், அவர் கைப்பட எழுதிய பயிற்சிக் குறிப்புகள், முகாம் சாமான் பட்டியல். இப்போதே கேட்டு வாங்காவிட்டால், வீடு ஒதுக்கும்போது இவை பழைய பேப்பரோடு போய்விடும். நியமனப் பத்திரம், குழுவின் பதிவுப் புத்தகம், முகாம் அனுமதிக் கடிதங்கள் மூன்றையும் முதலில் தேடுங்கள். திகதி இல்லாத சான்றிதழில் நாட்டின் பெயர் 'சிலோன்' என்றிருந்தால் பெரும்பாலும் 1972க்கு முந்தியது.

படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும். 'டொக்கியுமன்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். சிறிய பழைய படங்களை 600 டிபிஐயில் ஸ்கான் செய்யுங்கள். ஒட்டும் அல்பத்தில் பிடித்துப்போன படத்தை இழுக்க வேண்டாம், கொழும்பு ஈரப்பதனில் மேற்பூச்சு உரிந்து வரும். பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூலைப் பின்னால் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். அசையாவிட்டால் அப்படியே வெயில் நேரே படாத இடத்தில் வைத்துப் படமெடுப்பதே நல்லது. ஒவ்வொரு படத்திலும் நிற்பவர்களின் பெயரை இடமிருந்து வலமாக எழுதி வாங்குங்கள். மலரில் மற்றதெல்லாம் பிறகு திருத்தலாம், இந்தப் பெயர்களைச் சொல்லக்கூடியவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள்.

ஏ5 அளவில் பின் அடிப்பதானால் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். 24 பக்கம் என்றால் 6 ஏ4 தாள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் வந்த கட்டுரைகளை எல்லாம் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். இரண்டும் கலந்தால் பாதி எழுத்துக் குப்பையாகும். பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் 'வேர்ல்ட் ரெடி கொம்போசர்' தெரிவு செய்யாவிட்டால் கொம்பு இடம் மாறி நிற்கும். அச்சகத்துக்கு எழுத்துரு பதித்த பிடிஎஃப் மட்டும் கொடுங்கள். கடைசிப் படியைத் தாளில் எடுத்துத்தான் பிழை பார்க்க வேண்டும்.

பதில் 2: பழைய திரிசாரணன்

தேசியக் கொடியை அரைக்கம்பத்தில் விடுவது அரசு அறிவிக்கும் துக்கத்துக்கு உரியது. குழுக்கொடியை மட்டும் இறக்குங்கள். முதலில் உச்சிவரை ஏற்றி, ஒரு கணம் நிறுத்தி, பிறகு பாதிக்கு இறக்க வேண்டும். முடிவிலும் உச்சிக்கு ஏற்றியே கீழே இறக்க வேண்டும். நேராகப் பாதியில் கட்டிவிடுவதுதான் பிள்ளைகள் வழக்கமாக விடும் பிழை, முதல்நாள் ஒரு ஒத்திகை போதும்.

வட்டத்துக்குள் ஒரு புள்ளி, 'வீடு திரும்பினேன்' என்ற தடக்குறி, அதாவது சாரணர் வழியில் இட்டுச் செல்லும் அடையாளம். கென்யாவின் நியேரியில் சாரணியத்தைத் தொடங்கிய பேடன் பவலின் கல்லறையிலும் இதுவே இருக்கிறது. கூழாங்கற்களால் குருளைகளே அமைக்கட்டும். தேவாரம், தீபம் எல்லாம் வீட்டில் நடக்கும். மைதானத்தில் எல்லாச் சமயப் பிள்ளைகளும் நிற்பார்கள், அங்கே மௌனமும் சாரணர் வாக்குறுதியும் போதும். வாக்குறுதியைத் தமிழிலும் சிங்களத்திலும் சொல்லுங்கள்.

ஞாயிறு காலை அறநெறி வகுப்பும் தேவாலயமும் இருக்கும், நாலு மணி வசதி. ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் என்றால் பின்னேர மழைக்கு ஒரு மண்டபம் கையில் இருக்கட்டும். கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் சங்கரப்பிள்ளை மண்டபம் உங்களுக்குக் கிட்ட.

கேட்டவர்: மிக்க நன்றி. காசு விடயம்?

பதில் 3: கணக்குப்பிள்ளை

தனிப்பட்டவர் கணக்கில் வாங்காதீர்கள். குழுவின் பெயரில், இருவர் கையொப்பமிடும் கணக்கு வேண்டும். கிண்ணம், கேடயம் வாங்குவதைவிட, முகாம் கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகளுக்கு அவர் பெயரில் கொடுங்கள். யாருக்குக் கொடுத்தது என்பது பொறுப்பாசிரியருக்கும் பொருளாளருக்கும் மட்டும் தெரிந்தால் போதும், மேடையில் அறிவிக்க வேண்டாம்.