மொரீஷியஸ் வருகிறவர்களுக்கு: கிரேட் 4 பிள்ளைகள் இந்தப் பருவம் என்ன படிக்கிறார்கள்

கேள்வி: ஜனவரியில் கணவர் வேலைக்காகக் காத்ர் போர்ன் வருகிறோம். மகன் கோவையில் நான்காம் வகுப்பு. அங்கே அதே வகுப்பில் என்ன நடத்துகிறார்கள்? முன்கூட்டியே எதைச் சொல்லித் தரலாம்?

பதில்:

வாங்க சகோதரி. என் மகள் இப்போது கிரேட் 4தான், அதனால் அவள் பையைத் திறந்து பார்த்தே எழுதுகிறேன்.

கணக்கை மறந்துவிடுங்கள். பின்னம், வாய்ப்பாடு, கடிகாரம், சுற்றளவு எல்லாம் உங்கள் மகனுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். அறிவியலும் அப்படித்தான்.

கஷ்டம் பிரெஞ்சில். பாடப்புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கும், டீச்சர் விளக்குவது பாதி பிரெஞ்சு பாதி கிரியோல் (இந்தத் தீவின் அன்றாடப் பேச்சுமொழி), மைதானத்தில் முழுக்கக் கிரியோல். இங்கே பிள்ளைகள் பிறந்ததிலிருந்தே இதைக் கேட்டு வளர்ந்தவர்கள். நம் பிள்ளைக்கு முதல் மாதம் காதில் பஞ்சு வைத்தது போல இருக்கும். மைதானக் கிரியோல் தானாக ஒட்டிக்கொள்ளும், என் மகளுக்கு மூன்று மாதம் ஆனது. எழுத்து பிரெஞ்சுக்குத்தான் நாம் உட்கார வேண்டும்.

இந்தப் பருவம் எங்கள் வீட்டில் பெரிய சண்டை எண்களோடு. எழுபதுக்கு 'சுவாசாந்த் தீஸ்', அதாவது அறுபதும் பத்தும். எண்பது, நான்கு இருபது. தொண்ணூற்றொன்பது என்றால் நான்கு இருபது, பத்து, ஒன்பது! "இது எண்ணா, கணக்கா?" என்று கேட்டாள். நம் தொண்ணூறு மட்டும் ஒன்பதோடு ஒழுங்காகவா நிற்கிறது என்று நான் சொன்னதை அவள் ரசிக்கவில்லை. அப்புறம் மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். அஃறிணை என்று ஒன்று வைத்திருக்கும் மொழியிலிருந்து போகிற பிள்ளைக்கு இது அநியாயமாகத்தான் படும். அதனால் வார்த்தையை மட்டும் மனப்பாடம் செய்ய விடாதீர்கள். 'லா தாப்ள்', 'ல லீவ்ர்' என்று முன்னொட்டோடு சேர்த்தே சொல்ல வையுங்கள். இதை எனக்கு யாரும் முதலில் சொல்லவில்லை, ஒரு பருவம் வீணானது.

வரலாறு, புவியியல் முழுக்க இந்தத் தீவைப் பற்றியது. 1598இல் டச்சுக்காரர்கள் வந்தது, டோடோ பறவை அழிந்தது, பிரெஞ்சுக்காரர்கள், 1810இல் ஆங்கிலேயர், 1834இல் ஒப்பந்தக் கூலிகள், 1968 மார்ச் 12 சுதந்திரம். விடுமுறையில் போர்ட் லூயிஸில் கூலிகள் வந்திறங்கிய 'ஆப்ரவாசி காட்' துறைக்கு ஒரு முறை கூட்டிப்போங்கள். அவர்கள் ஏறி வந்த படிக்கட்டுகளைப் பார்த்த பிறகு என் மகளுக்கு அந்தப் பாடத்தை இரண்டாவது முறை படிக்க வேண்டியிருக்கவே இல்லை.

விருப்ப மொழியில் தமிழ் உண்டு. எடுங்கள். ஆனால் வீட்டில் கிரியோல் பேசும் பிள்ளைகளுக்காக எழுதிய பாடம் அது: நிறங்கள், உறவுப்பெயர்கள், எளிய வாக்கியங்கள். உங்கள் மகன் முதல் மதிப்பெண் வாங்குவான், தமிழில் மேலே ஓர் அடிகூடப் போக மாட்டான். அதை நீங்கள்தான் வீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொருவர் பதில்:

அண்ணா சொன்னதோடு ஒன்று. இங்கே பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது. உங்கள் மகன் அங்கே நான்காம் வகுப்பைப் பாதியில் விட்டு வருவான். "ஐந்திலேயே போடுங்கள், ஆண்டு வீணாகாது" என்று யாராவது சொல்வார்கள். நாங்கள் கேட்டுப் போட்டோம், அழுதோம். கிரேட் 6 முடிவில் வரும் பி.எஸ்.ஏ.சி. (தொடக்கப்பள்ளிச் சான்றிதழ்) தேர்வில் அறிவியலும் வரலாறு-புவியியலும் கிரேட் 5இலேயே எழுதி முடிக்க வேண்டியவை. பிரெஞ்சும் தெரியாமல், தீவின் வரலாறும் தெரியாமல் நேராக அதில் இறங்குவது பாவம். வயது இடம் கொடுத்தால் கிரேட் 4 கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்: நன்றி. கிரேட் 4தான் கேட்கப்போகிறேன். பெட்டியில் எதற்கு இடம் விடட்டும்?

பதில்: தமிழ்க் கதைப் புத்தகங்களுக்கு. நோட்டு, பென்சில், சீருடை எல்லாம் இங்கேயே கிடைக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் புளியோதரை கட்டுவதாக இருந்தால் கொஞ்சம் கூடுதலாகவே கட்டுங்கள், பக்கத்துப் பிள்ளைகள் கை நீட்டும்.