வீட்டில் சாது, தெருவில் இழுபறி: நாயை எப்படிப் பழக்குவது?

கேள்வி:
எங்கள் டாமிக்கு ஒன்றரை வயது. வீட்டில் 'உட்கார்' என்று சொல்லி வாய் மூடுவதற்குள் உட்கார்ந்துவிடும், அவ்வளவு சமர்த்து. கூட்டமான தெருவுக்குக் கூட்டிப் போனால் வேறு நாய். போகிறவர் வருகிறவர் மேலெல்லாம் தாவுகிறது, சைக்கிளைக் கண்டால் குரைக்கிறது, நான் கூப்பிடுவது காதிலேயே விழுவதில்லை. வேகவைத்த கோழித்துண்டு என்றால் வீட்டில் உயிரை விடும், அங்கே நீட்டினால் முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை. போன வாரம் ஒரு பெரியவர் பையைத் தட்டிவிட்டது, சாமான் எல்லாம் உருண்டு ஓட, நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பொறுக்கினேன். பழகட்டும் என்று தினமும்தான் கூட்டிப் போகிறேன், நாளுக்கு நாள் மோசமாகிறது. இழுத்தால் கழுத்தை இறுக்கும் சங்கிலி வாங்கச் சொல்கிறார் நண்பர். வாங்கலாமா?

பதில் 1:
வேண்டாம். சைக்கிள் வரும்போதெல்லாம் கழுத்து வலித்தால், சைக்கிள் என்றாலே வலி என்று அதன் மனதில் பதிந்துவிடும், அப்புறம் குரைப்பது கூடத்தான் செய்யும். மார்புப் பக்கம் வளையம் உள்ள ஹார்னஸ் (கழுத்தில் இல்லாமல் உடம்பைச் சுற்றிக் கட்டுகிற பட்டை) போடுங்கள், இழுத்தால் உடம்பு பக்கவாட்டில் திரும்பிவிடும், உங்கள் கையும் பிழைக்கும்.

கோழித்துண்டைத் தொடவில்லை என்றீர்களே, விஷயமே அதில்தான் இருக்கிறது. அது திமிர் இல்லை, பதற்றத்தில் தீனி இறங்கவில்லை. அது வாங்கித் தின்கிற தூரம் வரை பின்வாங்குங்கள். எங்கள் நாயோடு நான் மூன்று வாரம் தெருமுனையில் ஒரு சுவரோரமாகவே நின்றேன், பார்க்கிறவர்கள் என்ன நினைத்தார்களோ. தூரத்தில் சைக்கிள் போகும், அது பார்க்கும், குரைக்கும் முன்பே ஒரு துண்டு வாயில். ஓரிரு வினாடிக்குள் கொடுத்துவிட வேண்டும், பைக்குள் துழாவிக்கொண்டிருந்தால் எதற்குக் கிடைத்தது என்று அதற்குப் புரியாது. ஒரு நாள் சைக்கிளைப் பார்த்துவிட்டு, 'என் பங்கு எங்கே' என்பதுபோல என் முகத்தைத் திரும்பிப் பார்த்தது. அதற்குப் பிறகுதான் நாலடி முன்னால் போனோம்.

பதில் 2:
இவ்வளவு யோசிக்க வேண்டுமா? ஒரு அதட்டல் போட்டால் எங்கள் நாய் அடங்கிவிடும்.

பதில் 3:
அடங்குவது வேறு, நிதானமாக இருப்பது வேறு. உறுமினால் அதட்டி அதட்டி, கடைசியில் உறுமாமலே கடிக்கிற நாயை நான் பார்த்திருக்கிறேன். உறுமல் என்பது அது தருகிற எச்சரிக்கை, அதைப் பிடுங்கிவிட்டால் நமக்குத்தான் ஆபத்து.

கேட்டவருக்கு: தினமும் கூட்டத்துக்குள் போவதை முதலில் நிறுத்துங்கள். ஒரு நாள் பதற்றம் அன்றைக்கே வடிந்துவிடாது, மறுநாளும் மிச்சம் இருக்கும், அதன் மேல் இன்னொன்று ஏறும். வாரத்தில் இரண்டு மூன்று முறை, பத்து நிமிடம், போதும். மற்ற நாட்களில் ஆளில்லாத பக்கம் போய் இஷ்டத்துக்கு மோப்பம் பிடிக்க விடுங்கள். உதட்டை நக்குவது, தூக்கமே இல்லாமல் கொட்டாவி விடுவது, வாலைக் கால் நடுவில் செருகுவது, இதெல்லாம் குரைப்புக்கு முன்னால் வரும். பார்த்ததும் திரும்பிவிடுங்கள். நேற்று வரை சரியாக இருந்து திடீரென மாறிய நாய் என்றால் கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது, வலி இருந்தாலும் இப்படி நடக்கும்.

கேள்வி கேட்டவர்:
சங்கிலி வாங்கவில்லை. இன்று பூங்கா வாசலுக்கு எதிர்ப்புறம் நின்று பார்த்தேன், மூன்று விளக்குக் கம்பம் பின்னால் வந்த பிறகுதான் கோழியை வாயில் வாங்கியது. அவ்வளவு தூரமா என்று எனக்கே ஆச்சரியம். ஆனால் நிற்கும்போது யாராவது தடவிக் கொடுக்க வந்துவிடுகிறார்கள், மறுபடி தாவல்.

பதில் 1:
'பழக்கிக்கொண்டிருக்கிறேன், இப்போது தொடாதீர்கள்' என்று நேராகச் சொல்லிவிடுங்கள், நாய்க்கும் அவருக்கும் நடுவில் நீங்கள் நின்றுகொள்ளுங்கள். அப்படியும் கேட்காமல் கை நீட்டினால் நாயோடு நடையைக் கட்டுங்கள்.