பொருள்: ‘ஏர் லீக்’குக்குத் தமிழ், கள்ளக்காற்று

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

மரம் அறுக்கும் மிஷினின் பழுதுநீக்கக் கையேட்டுக்காக நாம் தொகுத்துவரும் சொற்பட்டியலில் ‘ஏர் லீக்’குக்கு நேரே ‘காற்றுக் கசிவு’ என்று போட்டிருக்கிறோம். அதை மாற்றச் சொல்லித்தான் இந்த மடல். சொல் அழகாக இல்லை என்பதல்ல என் குறை. அது பழுதைத் தப்பான இடத்தில் தேட வைக்கிறது.

கசிவு என்றால் உள்ளே இருப்பது வெளியே வருவது. பானை கசியும், கண் கசியும். இங்கே நடப்பது நேரெதிர். டூ ஸ்ட்ரோக் என்ஜினில் பிஸ்டன் மேலே ஏறும்போது அதற்குக் கீழே இருக்கும் அறையான கிராங்க் கேஸுக்குள் வெற்றிடம் உண்டாகிறது. அந்த இழுப்பில்தான் கார்புரேட்டர் வழியாகப் பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை உள்ளே வருகிறது. கிராங்க் சீல் (ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தை அடைக்கும் ரப்பர் வளையம்), இன்டேக் ரப்பர், சிலிண்டர் அடி பேக்கிங் என்று எங்காவது ஒரு இடம் விட்டுப்போயிருந்தால், அதே இழுப்பில் அந்த வழியாக வெறும் காற்றும் ஏறிவிடும். கலவையில் பெட்ரோலின் பங்கு குறையும். இந்த என்ஜினுக்கு ஆயிலும் பெட்ரோலோடு சேர்ந்துதான் வரவேண்டும், லிட்டருக்கு 20 மில்லி என்ற கணக்கில். ஆக, சூடும் ஏறும், வழுவழுப்பும் குறையும். சைலன்சர் பக்கம் பிஸ்டனில் கீறல் விழுந்து, கடைசியில் சீஸ் ஆகிவிடும், அதாவது பிஸ்டன் சிலிண்டரோடு இறுகி நின்றுவிடும்.

போன மாதம் என்னிடம் வந்த மிஷினைச் சொல்கிறேன். வேகம் வேண்டும் என்று சைலன்சர் வாயைப் பெரிதாக்கி, அடி பேக்கிங்கை எடுத்துவிட்டு வெறும் சீலன்ட் தடவிப் பூட்டியிருந்தார்கள். இரண்டு முறை பிஸ்டன் பிடித்துவிட்டது. சைலன்சரைத் திறந்தால் கார்புரேட்டரில் முழு வேகத்துக்கான பெட்ரோலை அளக்கும் எச் திருகையும் கொஞ்சம் திறந்து பெட்ரோலைக் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் அதனாலேயே சூடாகும். அதைச் செய்துதான் இருந்தார்கள். ஆனாலும் ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் வேகம் இறங்காமல் அப்படியே கத்திக்கொண்டிருந்தது. முன்பு பார்த்த பட்டறையில் உள்ளே காற்று அடித்து, சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வரவில்லை என்பதால் ‘லீக் இல்லை’ என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

நான் இன்டேக்கையும் சைலன்சர் துளையையும் சைக்கிள் டியூப் துண்டு வைத்து அடைத்துவிட்டு, கை பம்ப்பால் அரை பார் காற்று ஏற்றினேன். பம்ப்பில் இருக்கும் மீட்டரின் முள் அசையவில்லை. அப்புறம் அரை பார் வெற்றிடம் பிடித்தேன். முள் மெதுவாக இறங்க ஆரம்பித்தது. கிளட்சைக் கழற்றி, அந்தப் பக்கத்து சீலின் விளிம்பில் ஒரு சொட்டு ஆயில் விட்டேன். சொட்டு ஒரு நொடி நின்றது, முள்ளும் நின்றது. பிறகு ஆயில் ஷாஃப்டை ஒட்டி ஒரு கோடாக உள்ளே போய் மறைந்தது. முள் மறுபடி இறங்கியது.

அந்த சீலின் உதடு உள்பக்கம் பார்த்து இருப்பது. உள்ளிருந்து அழுத்தினால் ஷாஃப்டோடு இறுகிக்கொள்ளும், உள்ளிருந்து இழுத்தால் தேய்ந்த உதடு தூக்கிக்கொள்ளும். வெளியே வருவதை மட்டும் தேடியவருக்கு அது எப்படிக் கிடைக்கும்? சீலை மாற்றியதும் வெற்றிடம் நின்றது, ஆக்சிலரேட்டரை விட்டபின் ஓடும் ஐடில் வேகமும் அடங்கியது.

இனி, குழுமத்தில் வந்த சொற்கள்.

> உட்கசிவு எனலாமே?

ஐயா, ஹைட்ராலிக்ஸில் ஒரு அறையிலிருந்து பக்கத்து அறைக்கு ஆயில் தாவுவதைச் சொல்ல அந்தச் சொல் நமக்குத் தேவைப்படும். இங்கே செலவழித்துவிட்டால் அங்கே தவிப்போம்.

> புகுகாற்று. வினைத்தொகை, சுருக்கமாகவும் இருக்கிறது.

எனக்கும் பிடித்த சொல். ஆனால் ஃபில்டர் வழியாக முறையாக வரும் காற்றும் புகுகின்ற காற்றுதானே. முறையானதையும் முறையற்றதையும் பிரித்துக்காட்டுவதுதான் இந்தச் சொல்லின் வேலை.

அதனால் நான் முன்வைப்பது கள்ளக்காற்று. கள்ளச்சாவி, கள்ளநோட்டு, கள்ள ஓட்டு என்று ‘முறையான வழியில் வராதது’ என்ற பொருளில் நம்மிடம் ஏற்கெனவே புழங்கும் முன்னொட்டு இது. பட்டறைப் பையனுக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஜெர்மன்காரர்களும் இதைப் ‘பொய்க்காற்று’ என்ற பொருள்படும் ஃபால்ஷ்லுஃப்ட் என்ற சொல்லால்தான் குறிக்கிறார்கள்.

> இலங்கையில் ‘கள்ளத்தோணி’ என்று மனிதர்களை இழிவாகச் சொன்னதை நினைத்தால் இந்த முன்னொட்டு எனக்கு உறுத்துகிறது.

அக்கா, நீங்கள் எழுதியதை இரண்டு நாள் யோசித்தேன். அந்த வலி உண்மை. மனிதரைக் குறிக்கும் எந்தக் கலைச்சொல்லிலும் இந்த முன்னொட்டைச் சேர்க்கக் கூடாது என்பதில் உங்களோடு நிற்கிறேன். காற்றுக்கு மட்டும் இதை அனுமதிப்பீர்களா? உறுத்தல் தீரவில்லை என்றால் சொல்லுங்கள், ‘திருட்டுக்காற்று’ என்று மாற்றிக்கொள்ளலாம். பொருள் கெடாது.

வினைச்சொல்லுக்கு நாம் மெனக்கெட வேண்டாம். ‘ஏர் இழுக்குது’ என்று பம்ப்செட் பார்ப்பவர்கள் முதற்கொண்டு எல்லோரும் சொல்கிறார்கள். ஆகவே ‘மிஷின் கள்ளக்காற்று இழுக்கிறது.’ செயின் ஆயில் டேங்க் ஒழுகுவதற்குக் கசிவு என்பதே இருக்கட்டும். இரண்டையும் ‘லீக்’ என்றே எழுதினால், சூடாகிறது என்று வருகிறவரை ஆயில் டேங்க் மூடியைப் பார்க்கச் சொல்லி அனுப்பிவிடுவோம்.

கையேட்டில் இப்படி எழுதலாம் என்று நினைக்கிறேன். திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்:

“ஆக்சிலரேட்டரை விட்டும் வேகம் இறங்காவிட்டால் கார்புரேட்டரைத் தொடும் முன் கள்ளக்காற்றைச் சோதிக்கவும். அரை பார் அழுத்தத்தில் ஒரு முறை, அரை பார் வெற்றிடத்தில் ஒரு முறை. இரண்டிலும் முள் நிற்க வேண்டும். சோதிக்கும்போது ஃபிளைவீலைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்க்கவும்.”