மறு: சொராரிட்டி, அதன் அலும்னே: தமிழில் என்ன?

குழும நண்பர்களுக்கு வணக்கம். அமெரிக்கக் கல்லூரி மாணவிகள் தமக்குள் அமைத்துக்கொள்ளும் ‘சொராரிட்டி’ ஒன்றின் புகழ்பெற்ற உறுப்பினர் பட்டியலைத் தமிழாக்குகிறோம் அல்லவா, அதில் எழுந்த சொல் கேள்விகளுக்கு என் மறுமொழி இது.

> ‘சொராரிட்டி’க்கு ‘மகளிர் சங்கம்’ போதும். ‘நோட்டபிள் அலும்னே’ என்பதற்கு ‘புகழ்பெற்ற முன்னாள் மாணவிகள்’. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. ‘மகளிர் சங்கம்’ என்றதும் நம் ஊரில் ஒருவருக்குத் தையல் வகுப்பு நினைவுக்கு வரும், இன்னொருவருக்குக் கொடி பிடித்த ஊர்வலம். இரண்டாவது சொல்தான் இன்னும் சிக்கல். நாம் தமிழாக்கும் பட்டியல் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவுடையது. 1908 ஜனவரி 15 அன்று வாஷிங்டன் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில், எத்தல் ஹெட்ஜ்மன் முன்னின்று தொடங்கியது; கறுப்பின மாணவிகள் தமக்கென அமைத்துக்கொண்ட முதல் கிரேக்க எழுத்து (கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட) அமைப்பு. இதில் பட்டம் வாங்கியதும் உறுப்பினர் பதவி முடிந்துவிடுவதில்லை. அது ஆயுள் முழுவதும் தொடரும். ஊர்தோறும் பட்டதாரிகளுக்கென்று தனிக் கிளைகள் உண்டு. அமைப்பின் பெரிய வேலைகளை இழுத்துப்போட்டுச் செய்பவர்களும் அவர்களே.

ஒரே ஒரு எடுத்துக்காட்டு. மருத்துவர் டோரதி ஃபெரபி 1924இல் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றவர். 1935 முதல் 1942 வரை மிசிசிப்பி கிராமங்களில் இந்த அமைப்பு நடத்திய நலவாழ்வுத் திட்டத்துக்கு அவர்தான் மருத்துவப் பொறுப்பு. கோடைதோறும் மருத்துவர்களும் செவிலியரும் ஆசிரியைகளும் விடுமுறையைச் செலவழித்துப் போனார்கள். நிறவெறிச் சட்டங்கள் நடப்பில் இருந்த தெற்கு அது. குத்தகை விவசாயிகளை மருத்துவ முகாமுக்கு அனுப்பத் தோட்ட முதலாளிகள் மறுத்தார்கள். சரி, நீங்கள் வரவேண்டாம், நாங்கள் வருகிறோம் என்று, கார்களில் மருந்தை ஏற்றிக்கொண்டு இவர்கள் தோட்டங்களுக்குள்ளேயே போனார்கள். பிள்ளைகளுக்குத் தொண்டை அடைப்பானுக்கும் பெரியம்மைக்கும் தடுப்பூசி போட்டார்கள். திட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஃபெரபி அமைப்பின் தேசியத் தலைவரும் ஆனார். இந்தப் பெண்ணை ‘முன்னாள் மாணவி’ என்று பட்டியலில் போட எனக்கு மனம் வரவில்லை. எதில் அவர் முன்னாள்?

இன்னொரு சொராரிட்டியான டெல்டா சிக்மா தீட்டாவையும் பாருங்கள். ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவிலிருந்து பிரிந்த 22 மாணவிகள் 1913 ஜனவரியில் ஹோவர்டிலேயே தொடங்கியது. அதே மார்ச் 3இல் தலைநகரில் நடந்த பெண்கள் வாக்குரிமைப் பேரணியில் நடந்தார்கள். அதன் தேசியத் தலைவராக 1947 முதல் 1956 வரை இருந்த டோரதி ஹைட், நியூயார்க் பல்கலைக்கழகப் படிப்பை முடித்துச் சில ஆண்டுகள் கழித்துத்தான், 1939இல், உறுப்பினரானார்.

ஆகவே என் கருத்து: ‘அலும்னா’ (‘அலும்னே’யின் ஒருமை) இங்கே ‘பட்டதாரி உறுப்பினர்’. ‘அலும்னே சாப்டர்’ ‘பட்டதாரிக் கிளை’.

இன்னொரு வகையையும் பிரித்தாக வேண்டும். இப்போதுள்ள வரைவில் எழுத்தாளர் டோனி மோரிசன், நாசா கணித அறிஞர் கேத்தரின் ஜான்சன், கறுப்பின உரிமைப் போராளி ரோசா பார்க்ஸ், விண்வெளி வீராங்கனை மே ஜெமிசன், அதிபர் ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் எல்லாரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். மோரிசன் ஹோவர்டில் படிக்கும்போது சேர்ந்தவர். ஜான் க்ளென்னின் 1962 விண்பயணத்துக்குக் கணக்குகளைச் சரிபார்த்த ஜான்சனும் முறைப்படி சேர்ந்த உறுப்பினர். மற்ற மூவரையும் அமைப்பே அழைத்துப் பெருமைப்படுத்திச் சேர்த்துக்கொண்டது. அதற்காக அவர்களின் பற்று குறைந்தது என்று பொருளில்லை. 1992இல் எண்டவர் விண்கலத்தில் போன ஜெமிசன் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவின் பதாகையையும் கூடவே கொண்டுபோனார். ஆனால் எலினார் ரூஸ்வெல்ட் எந்தக் கல்லூரியிலும் படித்தவரே இல்லை. அவரை ‘முன்னாள் மாணவி’ ஆக்கினால் அது தகவல் பிழை. ‘மதிப்புறு முனைவர்’ வழக்கில் இருப்பதால் ‘மதிப்புறு உறுப்பினர்’ யாருக்கும் புரியும்.

> அப்படியானால் சொராரிட்டிக்கு உங்கள் சொல்? ‘ஆயம்’ அழகான சங்கச் சொல். தலைவியின் தோழியர் கூட்டம். அதையே எடுக்கலாமே.

எனக்கும் ‘ஆயம்’ பிடிக்கிறது. பெண்கள் மட்டும், இளமையில் கூடும் கூட்டம். ஆனால் தனியாக நின்றால் ஆயத்தீர்வையோடு குழம்பும். அதைவிட முக்கியம், தோழமை என்ற பொருளே இங்கே போதாது. இந்தப் பெண்கள் ஒருவரையொருவர் ‘சொரோர்’ என்றே விளிப்பார்கள், லத்தீனில் உடன்பிறந்தவள். கமலா ஹாரிஸ் ஹோவர்டில் படிக்கும்போது 1986இல் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவில் சேர்ந்தவர். 2020 ஆகஸ்டில் துணை அதிபர் வேட்பாளராக ஏற்புரை ஆற்றியபோது, தன் குடும்பம் யார் யார் என்று அடுக்கினார். அந்த அடுக்கில் ‘சித்தி’களும் இருந்தார்கள், ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவும் இருந்தது. துளசேந்திரபுரத்துப் பேத்தி வாயில் இரண்டும் ஒரே வகையறாவாக வந்தபின், உறவை விட்டுவிட்டு நாம் கலைச்சொல் படைக்கக் கூடாது.

அக்கா, தங்கை இரண்டிலும் வயது வந்து உட்கார்ந்துகொள்கிறது. ‘உடன்பிறப்பு’ மேடைப் பேச்சுக்குப் போய்விட்டது, பெண்பாலும் தெரியவில்லை. ‘சோதரி’ வடசொல் வழி வந்ததுதான், தனித்தமிழ் அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். மூத்தவள், இளையவள் என்று பிரிக்காமல் பெண்ணைச் சுட்ட அதுவே கைகொடுக்கிறது. ஆகவே ‘சோதரியர் ஆயம்’. கூட்டுச்சொல்லாக வரும்போது தீர்வைக் குழப்பமும் இல்லை.

புதுச்சொல் என்று தயங்கவும் வேண்டாம். அமெரிக்காவிலேயே முதலில் பெண்கள் அமைப்புகளையும், மாணவர் அமைப்புகளைப் போலவே, ‘ஃபிரட்டர்னிட்டி’ (சகோதரர் அமைப்பு) என்றுதான் அழைத்தார்கள். சிரக்யூஸில் 1874இல் தொடங்கிய காமா ஃபை பீட்டா மாணவிகளுக்காக ஃபிராங்க் ஸ்மாலி என்ற லத்தீன் பேராசிரியர் முன்மொழிந்த சொல்தான் ‘சொராரிட்டி’.

> தேடுபொறியில் ‘சோதரியர் ஆயம்’ என்று யார் தேடுவார்கள்?

நியாயமான கேள்வி. முதல் வரியில் ‘சொராரிட்டி எனப்படும் சோதரியர் ஆயம்’ என்று ஒருமுறை எழுதிவிட்டு, பிறகு தமிழ்ச் சொல்லையே தொடரலாம். வரைவை இரண்டு அட்டவணையாகப் பிரிக்கும் வேலையை நானே எடுத்துக்கொள்கிறேன்: ‘பட்டதாரி உறுப்பினர்கள்’, ‘மதிப்புறு உறுப்பினர்கள்’. யார் எந்த வகையில் சேர்ந்தார் என்று உறுதியாகாத பெயர்களை இப்போதைக்கு வெளியே வைக்கிறேன். புதிதாகச் சேர்பவர் தரும் வாக்குறுதியான ‘பிளெட்ஜ்’ என்பதற்கு ‘உறுதியேற்பு’ போதுமா, அதையும் சொல்லுங்கள்.

அன்புடன்.