கொல்லையில் மறுபடி காய்கறி போடலாமா?

பெரியபட்டினத்துப் பெண்:
அப்பத்தா இருந்தவரை கீரைக்கும் கத்தரிக்கும் நாங்கள் கடைக்குப் போனதில்லை. சுரைக்கொடி கூரைமேல் ஏறிக் கிடக்கும். வேலியோரம் முருங்கை. அவர் போன பிறகு கொல்லையில் சிமெண்ட் பூசிவிட்டோம். இந்தப் புரட்டாசியில் பாதியை உடைத்து மறுபடி விதைக்கப் போகிறேன். நீங்களும் தொடங்குங்கள்.

தேவிப்பட்டினத்தான்:
அக்கா, குடிக்கிற தண்ணீரையே குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறோம். போர் போட்டால் உப்பு. உங்கள் அப்பத்தா தோட்டத்துக்குத் தண்ணீர் யார் சுமந்தது? எங்கள் வீட்டில் அம்மாவும் சித்தியும்தான். விடியும் முன்னே எழுந்து, மணலில் ஊற்றுத் தோண்டி, ஊறும் வரை காத்திருந்து, சிரட்டையால் அள்ளிக் குடத்தை நிரப்பி வருவார்கள். அம்மாவுக்கு இன்றும் இடுப்புவலி. அதைப் பாரம்பரியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கத்தரிக்காயைச் சந்தையில் வாங்கிக்கொள்ளலாம்.

பெரியபட்டினத்துப் பெண்:
உறைத்தது தம்பி. எங்கள் வீட்டில் சுமந்தது அத்தைகள். அதை நான் எழுதாமல் விட்டது தப்புதான். ஆனால் அப்பத்தா கோடையில் காய்கறி போட்டதே இல்லை. ஊரெல்லாம் ஆடிப்பட்டம் என்பார்கள். நம் ராமநாதபுரம் கடற்கரைக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். புரட்டாசிக் கடைசியில் விதைத்தால் மழையே பாதி வேலையைப் பார்த்துவிடும். மேல்மண்ணின் உப்பையும் அதுதான் கீழே இறக்கும்.

மண்டபத்து அண்ணன்:
அரிசி களைந்த தண்ணீர் விடுங்கள். துணி துவைத்த தண்ணீர் வேண்டாம். சோப்புத்தூளில் சோடியம் உண்டு, நம் மண்ணில் ஏற்கெனவே உப்பு. ஆர்.ஓ. கழிவுநீர் அதைவிட மோசம். அப்புறம், வாடைக்காற்று கடல் உப்பை இலைமேல் கொண்டுவந்து போடும். பனையோலைத் தட்டி கட்டுங்கள்.

தேவிப்பட்டினத்தான்:
மழை பொய்த்தால்? நம் குண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததைக் கொண்டாடினோம். அதே மிளகாய் போட்ட எங்கள் மாமா, மழை இல்லாத வருஷத்தில் விதைக்காசுகூட எடுக்கவில்லை. கொல்லையில் நஷ்டம் சின்னது, சரி. ஆனால் செடி வாடுவதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. யாரோ ஒருவர் குடத்தை எடுப்பார். அது யார் என்று விதைக்கும் முன்னே வீட்டில் பேசிவிடுங்கள்.

பெரியபட்டினத்துப் பெண்:
நேற்று ராத்திரி பேசினோம். மழை நின்றால் ஊற்றுவது என் வீட்டுக்காரரும் மகனும். அதுவும் முருங்கைக்கு மட்டும். சுரை காய்ந்தால் காயட்டும். ஞாயிற்றுக்கிழமை சிமெண்ட் உடைக்க ஆள் வருகிறார். பழைய நாட்டுச் சுரை விதை யாரிடமாவது இருக்கிறதா?